கனெக்ட் ஆயிடுச்சு, சத்தம்தான் சரியில்லை

"என்னடா, கிணத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு?" என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அவர் மதுரையில். நான் சென்னையில், மடிக்கணினிக்கு முன்னால், தலையில் புளூடூத் ஹெட்செட்டோடு. என் பக்கமும் அதே கதைதான். அம்மாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு இதே ஹெட்செட்டில் பாட்டுக் கேட்டேன். வயலினில் வில் உரசும் ஓசைகூடத் துல்லியமாகக் கேட்டது. அழைப்பை எடுத்ததும் 'டுக்' என்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் போயிற்று. திரையின் மூலையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. 'கனெக்டட்' என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஹெட்செட்டுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டி, மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தான். "இது 5.0 சார், இது 5.3, இது 5.4. லேட்டஸ்ட்." விலையும் அதே வரிசையில் ஏறியது.

"5.3க்கும் 5.4க்கும் என்னப்பா வித்தியாசம்?"

"நம்பர் ஜாஸ்தி சார்."

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த மூன்று பெட்டிகளில் அச்சடித்திருந்த எதையும்விட அது நேர்மையான பதில் என்பது பிறகு வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

புளூடூத் 5.4 வெளியானது 2023இல். பெரிய பல்பொருள் அங்காடிகளில் அலமாரி விளிம்பில் விலையைக் காட்டும் சின்னஞ்சிறு மின்னணு அட்டைகள் இருக்குமே, அப்படிப்பட்ட அட்டைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒரே இடத்திலிருந்து, அவற்றின் பேட்டரி கரைந்துவிடாமல் பேசுவதற்கு வழி செய்ததுதான் அந்தப் பதிப்பின் பெரிய சாதனை. துவரம்பருப்பின் விலை மாறினால் உடனே அட்டையில் மாறும். நல்ல விஷயம்தான். ஆனால் காதில் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பெட்டியில் '5.4' என்று போட்டிருப்பவர் பொய் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் சிப் அந்தப் பதிப்பின் விதிகளின்படி செய்யப்பட்டதுதான். அதை வைத்து நாம் செய்துகொள்கிற கற்பனைக்கு அவர் பொறுப்பாளியா என்றால், சட்டப்படி இல்லை.

கல்யாணச் சமையல்காரர் கொண்டுவரும் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுபது அயிட்டம் இருக்கும். உங்கள் வீட்டுப் பந்தியில் இலையில் விழுவது நீங்கள் தேர்ந்தெடுத்த இருபதுதான். புளூடூத்தின் ஒவ்வொரு பதிப்பும் அப்படியொரு பட்டியல். பெரும்பாலான வசதிகளுக்கு நேராக 'விருப்பம் இருந்தால்' என்று எழுதியிருக்கும். செய்பவர் சிலவற்றை எடுத்துக்கொள்வார், பலவற்றை விட்டுவிடுவார். பெட்டியில் பட்டியலின் எண்ணை மட்டும் அச்சடிப்பார். இதற்கு மேல் ஒரு சிக்கல்: இணைப்பு என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். உங்கள் ஹெட்செட்டில் ஒரு வசதி இருந்து போனில் அது இல்லாவிட்டால், இரண்டுக்கும் பொதுவாக எது உண்டோ அங்கே இறங்கிவந்துதான் பேசிக்கொள்வார்கள். அந்த இறக்கத்தைத் திரை உங்களுக்குச் சொல்லாது.

2016 டிசம்பரில் வந்த 5.0ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்" என்று உலகமெங்கும் விளம்பரம். இரண்டும் உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. வேகத்தைக் கூட்டும் முறை ஒன்று. அதில் தூரம் குறையும். தூரத்தைக் கூட்டும் முறை வேறொன்று. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சங்கேதமாக்கி அனுப்புவதால் அதில் வேகம் வெகுவாகக் குறையும். தொலைவில் இருப்பவரிடம் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கத்துவோமே, அதுபோல. இரண்டுமே கட்டாயமில்லாத அயிட்டங்கள் என்பதால், இரண்டும் இல்லாமலேயே ஒரு கருவி 5.0 என்று போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இரண்டும் குறைமின் புளூடூத்துக்கானவை. பாட்டுக் கேட்க நாம் அன்று பயன்படுத்தியது, இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துவது, பழைய புளூடூத்.

ஆமாம், புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு வானொலிகள் இருக்கின்றன. 2006இல் நோக்கியா 'வைப்ரீ' என்ற பெயரில் ஒரு தனித் தொழில்நுட்பத்தை அறிவித்தது. கடிகாரப் பேட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடும் சின்னச் சின்ன உணர்விகளுக்காக உருவானது அது. பிறகு புளூடூத் குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ளப்பட்டு, 2010இல் 4.0 பதிப்பில் குறைமின் புளூடூத்தாக வெளிவந்தது. பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மாமியார் பெயரையே வைத்ததுபோல் ஆகிவிட்டது. குழப்பத்தைத் தீர்க்க 2011இல் இரண்டு முத்திரைகளைக் கொண்டுவந்தார்கள்: 'புளூடூத் ஸ்மார்ட்' என்றால் புதியது மட்டும், 'புளூடூத் ஸ்மார்ட் ரெடி' என்றால் புதியதும் பழையதும். ஸ்மார்ட்டா, ஸ்மார்ட்டுக்குத் தயாரா என்று கடைக்காரருக்கே விளங்கவில்லை. ஐந்தாண்டுக்குள் அந்த முத்திரைகள் ஓய்வு பெற்றன. அதற்கும் முன்னால், 2009இல், '3.0 + எச்எஸ்' என்று ஒன்று இருந்தது. நொடிக்கு 24 மெகாபிட் வேகம் என்று சொன்னார்கள். வேகமாகப் போகவேண்டிய தரவை மட்டும் கமுக்கமாக வைஃபை வழியாக அனுப்பிவிட்டுப் பெயரைப் புளூடூத் வாங்கிக்கொள்ளும். பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. 2021இல் வந்த 5.3, அந்த வசதியைச் சத்தமில்லாமல் விதிநூலிலிருந்து எடுத்தே விட்டது. புதிய எண் வந்தால் பழைய எண்ணில் இருந்ததெல்லாம் அதில் இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

பெயர்க் குழப்பம் இந்தக் குழந்தையின் ஜாதகத்திலேயே இருக்கிறது. 1994இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில், கைப்பேசியையும் அதன் துணைக்கருவிகளையும் கம்பியில்லாமல் இணைக்கும் வேலை தொடங்கியது. யாப் ஹார்ட்சன், ஸ்வென் மட்டிசன் என்ற பொறியாளர்கள் அதில் முக்கியமானவர்கள். கொஞ்ச காலத்தில் இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா என்று போட்டியாளர்களே கூட்டாளிகளாகச் சேர்ந்தார்கள். 1997இல் இன்டெல்லைச் சேர்ந்த ஜிம் கார்டாக், இந்தக் கூட்டு முயற்சிக்குத் தற்காலிகமாக ஒரு பெயர் சொன்னார். வைக்கிங்குகள் காலத்தைப் பற்றிய ஒரு ஸ்வீடிஷ் நாவலை அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தார். அதில் வருகிற, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்ட் புளோடான்டின் பட்டப்பெயருக்கு நீலப்பல் என்று பொருள். செத்துக் கறுத்துப்போன பல் ஒன்று அவனுக்கு இருந்ததாம். சிதறிக் கிடந்த டேனிஷ் மக்களை அவன் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்ததுபோல, கணினிக்காரர்களையும் கைப்பேசிக்காரர்களையும் இது சேர்த்துவைக்கும் என்பது கார்டாக்கின் கணக்கு.

நிரந்தரப் பெயராக 'ரேடியோவயர்', 'பேன்' என்று இரண்டைப் பரிசீலித்தார்கள். 'பேன்' என்று இணையத்தில் தேடினால் ஏற்கெனவே பல்லாயிரம் பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 'ரேடியோவயர்' வணிகப் பெயராகக் கிடைக்குமா என்று பார்த்து முடிக்க நேரமில்லை. வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டது. தற்காலிகப் பெயரே தங்கிவிட்டது. தொட்டிலில் சும்மா கூப்பிட்ட பெயரே ரேஷன் கார்டு வரை போய்விடும் கதைதான். உங்கள் போனில் இருக்கும் அந்த நீல முத்திரையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்துப்போல் தெரிவது, ஹரால்டின் பெயரிலும் பட்டப்பெயரிலும் உள்ள முதல் எழுத்துகளுக்கான பழைய ரூன் வடிவங்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து, ஆண்டுக்கு 400 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் அச்சாகி வெளியே போகிறது. கல்வெட்டு வெட்டிக்கொண்ட எந்த ராஜாவுக்கும் இந்த யோகம் வாய்த்ததில்லை.

இவ்வளவு குழப்பமான பெயரோடு திரிகிற ஒன்று வேலையும் குழப்பமாகத்தான் செய்யும் என்று நினைத்தால், அங்கேதான் ஆச்சரியம்.

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் விடிகாலையில் நின்றிருப்பீர்கள். "திருச்சி, திருச்சி, திருச்சி!" "ராஜபாளையம், ராஜபாளையம்!" "திருநெல்வேலி ஏறு!" எல்லா நடத்துநர்களும் ஒரே காற்றில் கத்துகிறார்கள். புளூடூத் வாழும் இடம் அப்படிப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற இந்த அலைவரிசைப் பகுதியில் யாரும் உரிமம் வாங்காமல் ஒலிபரப்பலாம். தொடக்கத்தில் இதைத் தகவல்தொடர்புக்கு ஒதுக்கவே இல்லை. தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளின் அலைக்கசிவை எல்லாம் ஓர் ஓரத்தில் கொட்டுவதற்கான இடமாக விட்டுவைத்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் இங்கேதான், ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில். 1985இல் அமெரிக்கா இந்தப் புறம்போக்கில் உரிமமில்லாமல் பேசிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. இந்தியாவில் 2005இல் அந்த வாசல் திறந்தது. இன்று வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ், பொம்மை ஹெலிகாப்டர், பல சிசிடிவி கேமராக்கள் என எல்லோரும் குடியேறியிருப்பது இந்த 83 மெகாஹெர்ட்ஸ் சந்தில்தான்.

பழைய புளூடூத் இந்தச் சந்தை 79 சிறு தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. எந்தத் தடத்திலும் அது நின்று பேசுவதில்லை. நொடிக்கு 1600 முறை வரை தாவுகிறது. ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 625 மைக்ரோ நொடி. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் போனும் ஹெட்செட்டும் சில நூறு முறை சந்தித்துப் பிரிந்திருக்கும். அடுத்து எங்கே சந்திப்பது என்பது முதலிலேயே இருவருக்கும் தெரிந்த ஒரு கணக்கு. தாவும் வரிசை பார்ப்பவருக்குத் தாறுமாறாகத் தெரியும், அவர்களுக்கு மட்டும் மனப்பாடம். ஒரு தடத்தில் யாராவது கத்திக்கொண்டிருந்து ஒரு துணுக்கு கெட்டுப்போனால், அடுத்த தடத்தில் திருப்பி அனுப்பிவிடலாம். 2003இல் வந்த 1.2 பதிப்பில் இன்னொரு சாமர்த்தியம் சேர்ந்தது. எந்தெந்தத் தடங்களில் தொல்லை அதிகம் என்று கவனித்து வைத்துக்கொண்டு, அவற்றைத் தொடாமல் தாவுவது. பக்கத்து வீட்டு வைஃபை நடுவில் கால் நீட்டிப் படுத்திருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகும். குறைந்தது இருபது தடங்களையாவது கையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி.

தாவல் என்ற எண்ணம் பழையது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீல் இருவரும் 1942இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். நீரடி ஏவுகணையை எதிரி குழப்ப முடியாதபடி வழிநடத்த, தானியங்கிப் பியானோவில் இருக்கும் துளையிட்ட சுருள்போல ஒன்றை வைத்து 88 அலைவரிசைகளுக்குள் தாவலாம் என்றார்கள். பியானோவுக்கு 88 கட்டைகள். 'புளூடூத்தைக் கண்டுபிடித்த நடிகை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி மிகை. இருந்தாலும் அந்தச் சுருளை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

புளூடூத்தின் குரல் எவ்வளவு மெல்லியது என்பதையும் சொல்லவேண்டும். ஹெட்செட்டுகளில் வழக்கமான வகை அதிகபட்சம் 2.5 மில்லிவாட்டில் ஒலிபரப்பும். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு இதைப்போல 3600 மடங்கு. மறுமுனையில் கேட்பவர், வந்து சேரும் திறன் ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தாலும் புரிந்துகொள்ளவேண்டும் என்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. நல்ல சிப்புகள் அதிலும் நூறில் ஒரு பங்கைக் கேட்டுவிடும். அந்த மெல்லிய குரலுக்குப் பக்கத்தில் ஆயிரம் வாட் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று ஓடுகிறது. அடுப்பின் கதவிடுக்கில் கசிவது நமக்குத் தீங்கில்லாத சொற்பம்தான்; புளூடூத்துக்கு அது இடிமுழக்கம். ஆனாலும் பாட்டு முழுவதும் நின்றுவிடுவதில்லை. சாதாரண மின்மாற்றி வைத்த அடுப்பு, மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறையப் பாதி நேரம்தான் அலையைக் கக்கும். 10 மில்லி நொடி கத்தல், 10 மில்லி நொடி அமைதி. அந்த அமைதிக்குள் பதினாறு தாவல்கள் அடங்கும்.

அடுப்பைச் சமாளிக்கிற புளூடூத் நம் உடம்பிடம் தோற்றுப்போகும். காலை நடைக்குப் போகும்போது இதைக் கவனித்திருக்கிறேன். போன் பேன்ட்டின் பின்பாக்கெட்டில். வீட்டுக்குள் நடந்தால் பாட்டு ஒருமுறைகூட அறுவதில்லை. மைதானத்துக்குள் இறங்கினால், தடையென்று ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில், விட்டு விட்டுக் கேட்கிறது. தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்? காரணம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். உப்புத் தண்ணீர் மூட்டையான மனித உடம்பு அதை நன்றாக உறிஞ்சும். பின்பாக்கெட்டிலிருந்து காது வரை நேர்வழியில் இடுப்பும் முதுகும் குறுக்கே. வீட்டுக்குள் நேர்வழி அடைபட்டாலும் சுவரில், கூரையில், பீரோவில் பட்டுத் தெறித்து அலை சுற்றுவழியில் வந்து சேர்ந்துவிடும். மைதானத்தில் தெறிக்க எதுவுமில்லை. போனைச் சட்டைப்பைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. 5.0ஐ 5.4 ஆக்கியிருந்தால் இது சரியாகியிருக்காது.

இன்னொரு வேடிக்கை, கணினிக்குப் பின்னால் நடக்கிறது. யூஎஸ்பி 3.0 வன்தட்டு ஒன்றைச் செருகியதும் அதை ஒட்டி இருக்கும் கம்பியில்லா மவுஸ் தள்ளாட ஆரம்பிக்கும். மவுஸைக் குறைசொல்வோம், பேட்டரியை மாற்றுவோம். உண்மையில் அந்தக் கேபிளில் ஓடும் அதிவேகத் தரவு எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கணினியில் செருகியிருக்கும் மவுஸின் சிறு ரிசீவரை வேறு துளைக்கு மாற்றிச் செருகினால் போதும்.

ஆக, அலையை அனுப்பிப் பெறும் அடித்தளம் அசாத்தியமான வேலை செய்கிறது. நம்மை எரிச்சலூட்டும் தொல்லைகளில் பல அதற்கு மேலே இருக்கும் மாடிகளில் விளைபவை. 'கனெக்ட் ஆக மாட்டேங்குது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளை முதன்முறை பேர் பண்ணும்போது இருவரும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்கிறார்கள். மறுமுறை சந்திக்கும்போது சாவி பொருந்தினால் உள்ளே அனுமதி. ஹெட்செட்டில் நினைவகம் கொஞ்சம்தான். சில கருவிகளின் சாவிகளை மட்டும் வைத்துக்கொள்ளும். தங்கை போன், ஆபீஸ் கணினி, டிவி என்று புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனால் பழைய சாவியை வெளியே எறிந்துவிடும். உங்கள் போனோ இன்னும் தன் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். போன் திரையில் 'பேர்டு' என்று இருக்கும், இணைப்பு வராது. 'ஃபர்கெட்' என்பதை அழுத்திவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடுவதற்கு மந்திரம் ஏதுமில்லை. இருவரும் மறுபடி ஒரே சாவியை வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மலிவு ஸ்பீக்கர்களின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அவை யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. திரையும் பொத்தானும் இல்லாத கருவிக்கு எண் கேட்டுச் சரிபார்க்க வழியில்லாததால், 2007இல் வந்த 2.1 பதிப்பு அப்படியே சேர்ந்துகொள்ளலாம் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. அதற்கு முன்பு 0000 அல்லது 1234 அடித்துக்கொண்டிருந்தோம், நினைவிருக்கலாம். எங்கள் அடுக்ககத்தில் ஒருநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, யாரும் தொடாமல் எங்கள் வீட்டு ஸ்பீக்கர் அந்தப் பிரபலமான பெண்குரலில் இணைந்துவிட்டதாக அறிவித்துவிட்டு, சுப்ரபாதத்தைப் பாட ஆரம்பித்தது. மாடி வீட்டுத் தாத்தாவின் போன். அவருடைய ஸ்பீக்கரும் அதே மாடல், அதே பெயர். தன் ஸ்பீக்கர் ரிப்பேர் என்று அவர் மேலே சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக, கீழே எங்களுக்குப் புண்ணியம் கூடிக்கொண்டே போனது.

புளூடூத்தோடு அதே சந்தில் குடியிருக்கும் வைஃபைக்காரர்கள் பெயர் விஷயத்தில் ஒருமுறை விவேகமாக நடந்துகொண்டார்கள். 'வைஃபை' என்ற சொல்லுக்கே விரிவு எதுவும் கிடையாது. 1999இல் ஒரு விளம்பரப் பெயர் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பெயர் அது. 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்பது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். தொழில்நுட்பத்தின் அசல் பெயர்களோ 802.11பி, 802.11ஜி, 802.11என், 802.11ஏசி என்று வீட்டுமனைச் சர்வே எண்கள்போல் போய்க்கொண்டிருந்தன. 2018இல் வைஃபை அலையன்ஸ் இதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு வைஃபை 4, 5, 6 என்று எளிய எண்களைக் கொடுத்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2020 தொடக்கத்திலேயே 'வைஃபை 6இ' என்று ஒன்று வந்து நின்றது. அதன் சாரம், அதே ஆறாம் தலைமுறை, ஆனால் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பேசும். இரண்டு ஆறுகளுக்கும் சம்பந்தமில்லை, தற்செயல்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டர் பொருத்த வருகிறவர் இரண்டு பெயர்களை வைத்துவிட்டுப் போவார்: 'முருகன்' ஒன்று, 'முருகன்_5ஜி' ஒன்று. போன் விளம்பரத்தில் வரும் 5ஜிதான் வைஃபையிலும் வருகிறது என்று எண்ணி, நாலு ஜி போன் வைத்திருக்கும் பெரியப்பா தன் போனுக்கு அது ஆகாது என்று ஒதுங்கிவிடுவார். செல்போனில் 'ஜி' என்றால் தலைமுறை. ரவுட்டரில் அது கிகாஹெர்ட்ஸ் என்பதன் தலையெழுத்து. ஐந்து கிகாஹெர்ட்ஸ் தடம் வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 மெதுவானது, சுவரைப் பொருட்படுத்தாது, ஆனால் மாட்டுத்தாவணிக் கூட்டம் முழுக்க அங்கேதான். போனை '_5ஜி'க்கு மாற்றினால் புளூடூத் பாட்டு திக்குவது குறையும் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான போன்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் குடியிருக்கின்றன, பல சமயம் ஒரே ஆன்டெனாவை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. வைஃபை 2.4இல் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருந்தால், ஹெட்செட் தன் முறைக்குக் காத்திருக்கவேண்டும்.

இனி அம்மாவின் கிணறு.

பாட்டுக் கேட்பதற்கும் பேசுவதற்கும் பழைய புளூடூத்தில் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் உண்டு. பாட்டு ஒப்பந்தம் ஒருவழிப்பாதை: போனிலிருந்து காதுக்கு மட்டும். இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி, அடிப்படையான சுருக்கமுறையிலேயே நொடிக்கு 328 கிலோபிட் வரை. கெட்டுப்போன துணுக்குகளைத் திரும்பக் கேட்டு வாங்க நேரம் வேண்டும் என்பதற்காக ஒலியைக் கொஞ்சம் சேமித்துவைத்துப் பிந்தித் தரும். சினிமா பார்க்கும்போது படத்தையும் அதற்கேற்பப் பிந்த வைத்து மறைத்துவிடுவார்கள். விளையாட்டில் அது முடியாது. துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும்.

பேச்சு ஒப்பந்தம் இருவழிப்பாதை. மைக்கிலிருந்தும் ஒலி திரும்பிப் போகவேண்டும், பேச்சு தடைபடாமல் இருக்கத் தாமதமும் கூடாது. ஆகவே ஒவ்வொரு திசைக்கும் நொடிக்கு 64 கிலோபிட்தான், ஒற்றைத் தட ஒலிதான். முதலில் வகுத்த முறையில் ஒலியை நொடிக்கு 8000 முறை மட்டும் மாதிரி எடுத்தார்கள்; பழைய தரைவழித் தொலைபேசியின் அதே கணக்கு. 2011இல் வந்த திருத்தம் அதை 16,000 ஆக்கியது. பாட்டுக்கு 44,100. மைக்கைத் திறந்த கணமே கணினி பாட்டு ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு பேச்சு ஒப்பந்தத்துக்கு மாறுகிறது. நான் கேட்ட அந்த 'டுக்' அதுதான். என் ஹெட்செட்டுக்கு நோய் ஒன்றுமில்லை. நான் வாங்கப்போன மூன்று பெட்டிகளும் இதே இடத்தில் இதே 'டுக்' சத்தத்தைத்தான் எழுப்பியிருக்கும்.

இதற்கு மருந்து வந்துவிட்டது. 2020இல் அறிவித்த 'எல்இ ஆடியோ', குறைமின் புளூடூத்தின் மேல் ஒலியைப் புதிதாகக் கட்டியெழுப்பியது. எல்சி3 என்ற புதிய சுருக்கமுறை குறைந்த பிட்டில் நல்ல ஒலி தரும், மைக் திறந்திருந்தாலும் காதுக்கு வருவது கெடவேண்டியதில்லை, இரண்டு காதுக்கும் தனித்தனியாக அலை வரும். இதன் பெயரும் பதிப்பு எண்ணும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. 5.2 பதிப்பு அதற்கான அடித்தளத்தைப் போட்டது. 5.4 என்று போட்ட பெட்டிக்குள் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் மடிக்கணினியிலும் இருந்தால்தான் உதவும். ரிச்சி தெருப் பையனிடம் மறுபடி போய் "எல்இ ஆடியோ இருக்காப்பா?" என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புளூடூத் இருக்கு சார்" என்றான்.

வாங்காமல் திரும்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்கு முன்னால் கணினியின் ஒலி அமைப்பைத் திறந்தேன். ஒலி வெளியே போவதற்கு ஹெட்செட்டையே விட்டுவிட்டு, மைக் என்ற இடத்தில் மட்டும் ஹெட்செட்டுக்குப் பதிலாக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஹெட்செட்டின் மைக் திறக்காததால் ஒப்பந்தம் மாறவில்லை. 'டுக்' இல்லை. அம்மா வீட்டு மின்விசிறியின் கிரீச் சத்தமும், பின்னால் தெருவில் கோலமாவு விற்றுக்கொண்டு போகிறவரின் குரலும்கூடக் கேட்டன.

"இப்பத்தான்டா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். "புதுசு எவ்வளவு?"

"பழசுதாம்மா."

"பழசா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ போன வாரம் முழுக்க என் போன்லதான் கோளாறுன்னு, கடைக்குக் கொண்டுபோய் முந்நூறு ரூபா குடுத்துட்டு வந்தேனே?"